பழைய ஸ்ப்ளெண்டரை உருமாற்றப் போகிறீர்களா? ஸ்பேனருக்கு முன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள்

2025 செப்டம்பரில் ஒரு பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் பிளஸ் வாங்கினேன். 2008 ஜூனில் பதிவான வண்டி, விலை 13,000 ரூபாய். வாங்கிய மூன்றாம் நாளே கழற்ற ஆரம்பித்தேன். பிரேமைத் தனியாக எடுத்துப் பவுடர் கோட்டிங் (பெயிண்ட் தூளைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு) போட்டேன், ஒருவர் மட்டும் அமரும் சீட் ஒன்றைத் தைக்கக் கொடுத்தேன். அதன் பிறகுதான் ஆர்.சி. காலாவதியாகி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதன் பொருள் புரிந்தது. ஆய்வுக்குக் கொண்டுபோனபோது, பிரேமில் குத்தியிருக்கும் சேசிஸ் எண் புதிய பூச்சுக்கு அடியில் புதைந்திருந்தது. சீட் ஒருவருக்கானது, ஆர்.சி.யில் இரண்டு பேர் என்றிருந்தது. வண்டி திருப்பி அனுப்பப்பட்டது.

மொத்த வேலைக்கும் ஐந்து மாதம் ஆனது. ஸ்பேனர் பிடித்த நாட்களை மட்டும் கூட்டினால் இரண்டு மாதம்கூட இல்லை. மீதியெல்லாம் ஆவணங்களுக்காகக் காத்திருந்த நாட்கள். நான் செய்த வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன வருமோ, அதுதான் கீழே இருக்கிறது. தமிழ்நாட்டில், தனிப்பட்ட உபயோகத்துக்கான இருசக்கர வாகனத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். கட்டணங்கள் நான் கட்டிய காலத்தவை. நீங்கள் கட்டும் நாளில் அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எந்த வண்டி என்பதை முடிவு செய்யுங்கள்

முதல் முயற்சிக்கு யமஹா ஆர்.எக்ஸ். 100, பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டுமே அருமையான வண்டிகள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது. அசல் உதிரிபாகம் என்ற பெயரில் நகல் பாகங்கள் நிறைய வருகின்றன, பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வண்டியின் விலையும் ஏறிக் கிடக்கிறது. கற்றுக்கொள்ளும்போது ஒரு தவறு செய்தால் அதன் நஷ்டம் பெரிதாக இருக்கும்.

ஸ்ப்ளெண்டர், பேஷன், சி.டி. டீலக்ஸ் போன்ற 97.2 சி.சி. வண்டிகள்தாம் என் பரிந்துரை. எந்தச் சிற்றூருக்குப் போனாலும் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். நீங்கள் ஒரு போல்ட்டை முறித்துவிட்டாலும் அடுத்த தெருவிலேயே வேறொன்று வாங்கிவிடலாம்.

2. பணம் கொடுக்கும் முன் ஆவணங்களைப் பாருங்கள்

எஞ்சின் சத்தத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் பதிவு எண்ணை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். கவனிக்க வேண்டியவை:

ஆர்.சி. எதுவரை செல்லும் என்ற தேதி. புதிய வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் 'எஃப்.சி.' என்கிறார்கள். தேதி தாண்டியிருந்தால், தாண்டிய ஒவ்வொரு மாதத்துக்கும் இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாய் கூடுதல் கட்டணம். என் வண்டி 2023 ஜூனோடு முடிந்திருந்தது. 27 மாதத்துக்கு 8,100 ரூபாய் கட்டினேன், வண்டியின் விலையில் பாதிக்கும் மேல்! இதை முன்பே கணக்கிட்டிருந்தால் விலையில் குறைத்துக் கேட்டிருப்பேன். நீங்கள் கட்டாயம் கேளுங்கள்.

கடன் குறிப்பு. பல ஆண்டுகளுக்கு முன்பே தவணை முடிந்திருக்கும், ஆனால் ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் அப்படியே நிற்கும். அதை நீக்க அந்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். நிறுவனமே மூடப்பட்டிருந்தாலோ வேறொன்றோடு இணைந்திருந்தாலோ அலைச்சல் உங்களுக்குத்தான். "அது ஒரு பிரச்சினையே இல்லை" என்று விற்பவர் சொன்னால், நீக்கிக் கொடுத்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

நிலுவையில் உள்ள அபராதங்கள். இ-சலான் பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் பாதியில் நிற்கும்.

அடுத்து, விற்பவர்தான் ஆர்.சி.யில் உள்ள உரிமையாளரா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் இதுதான் பெரிய பள்ளம். முதல் உரிமையாளர் வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். அந்தக் கட்டோடு வண்டி மூன்று கை மாறியிருக்கும். இப்போது விண்ணப்பங்கள் இணையவழி, உரிமையாளரின் கைப்பேசிக்குத்தான் கடவு எண் (ஓ.டி.பி.) வரும். அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டால் கையெழுத்துப் போட்ட படிவம் வெறும் காகிதம். உரிமையாளர் உயிருடன் இல்லை என்றால் வாரிசு பெயருக்குப் படிவம் 31 மூலம் முதலில் மாற்ற வேண்டும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் அவர்கள் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

கடைசியாக வண்டிக்குப் பக்கத்தில் குனியுங்கள். ஸ்ப்ளெண்டரில் சேசிஸ் எண் ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் குத்தப்பட்டிருக்கும், எஞ்சின் எண் எஞ்சினின் கீழ்ப்புற உறையில். துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாக ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும், தேய்த்து அழித்ததுபோல் தெரிந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

3. சட்டம் எதை விடுகிறது, எதை விடாது

இதை வண்டி வாங்கும் முன்பே படித்துவிடுவது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதிப்படுத்தியது. மீறினால் 182ஏ பிரிவின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இதைப் படித்ததும் மனம் சோர்ந்துபோகும். எனக்கும் போனது. ஆனால் ஆர்.சி.யை எடுத்து மேசையில் வைத்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்: எஞ்சின் எண், சேசிஸ் எண், சி.சி., எரிபொருள், நிறம், இருக்கைகளின் எண்ணிக்கை, சக்கர இடைவெளி, எடை. இவற்றில் கை வைக்காமல் என்ன செய்யலாம் என்பதே முதல்முறை செய்பவரின் எல்லை. அந்த எல்லைக்குள்ளேயே ஒரு வண்டியை ஆளே அடையாளம் தெரியாமல் மாற்ற முடியும்.

தெளிவாகச் சொன்னால், பிரேமை அறுத்துப் பின்பகுதியைக் குட்டையாக்கக் கூடாது. வேறு எஞ்சின் கூடாது. சீட் இரண்டு பேருக்கானதாகவே இருக்க வேண்டும். சைலன்சர் அசலாகவே இருக்கட்டும். சத்தம், புகை விதிகளை மீறினால் 190(2) பிரிவின் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமும், ஓட்டுநர் உரிமத்துக்கு மூன்று மாதத் தடையும் உண்டு. பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடி, கால் வைக்கும் கட்டை, பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் சேலை கார்டு ஆகிய மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி கட்டாயம். படம் அழகாக வர வேண்டும் என்று முதலில் கழற்றி எறியப்படுவது இந்தச் சேலை கார்டுதான். தயவுசெய்து விட்டுவையுங்கள். பின்னால் உட்காரப்போவது உங்கள் அம்மாவாகவோ தங்கையாகவோ இருக்கலாம். அதைக் கருப்பு அடித்துவிட்டால் கண்ணை உறுத்தாது.

நிறத்தில் ஓர் எளிய வழி இருக்கிறது: ஆர்.சி.யில் உள்ள நிறத்தையே அடியுங்கள். என் ஆர்.சி.யில் கருப்பு. டேங்கைப் பளபளப்பில்லாத கருப்பாக்கி, கையால் வரைந்த ஒற்றைக் கோடு போட்டேன். நிறத்தை மாற்ற விரும்பினால் அடிக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

4. எஃப்.சி.யும் பெயர் மாற்றமும்: இந்த வரிசையில்

கழற்றாதீர்கள். வண்டி அசல் கோலத்தில் இருக்கும்போதே இந்தப் படியை முடித்துவிடுங்கள்.

ஆர்.சி. காலாவதியாகியிருந்தால் பழைய உரிமையாளர் பெயரிலேயே முதலில் புதுப்பித்து, பிறகு பெயர் மாற்றுவதுதான் சிக்கல் குறைந்த வழி. ஆகவே விற்பவரிடம் முழுப் பணத்தையும் கொடுத்துவிட வேண்டாம். நான் 3,000 ரூபாயைப் பிடித்துவைத்து, பெயர் மாறிய அன்று கொடுத்தேன். அவரும் மனவருத்தமின்றி ஒப்புக்கொண்டார். கடவு எண் கேட்டு நான்கு முறை அழைத்திருப்பேன், ஒவ்வொரு முறையும் எடுத்தார்.

புதுப்பிக்கப் படிவம் 25. அதோடு அசல் ஆர்.சி., நடப்பில் உள்ள காப்பீடு, புகைச் சான்று, முகவரிச் சான்று, பான் அட்டை அல்லது படிவம் 60, சேசிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி. 15 ஆண்டு தாண்டிய இருசக்கர வாகனத்துக்குப் புதுப்பித்தல் கட்டணம் 1,000 ரூபாய். 20 ஆண்டும் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 2,000 ரூபாய். இதற்கு மேல் மாநிலத்தின் பசுமை வரி, அட்டைக் கட்டணம், சேவைக் கட்டணம் உண்டு. காலாவதி ஆகாத வண்டி என்றால், தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கூடுதல் கட்டணம் முழுவதும் மிச்சம்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வளவு பழைய வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடே போதும். 75 முதல் 150 சி.சி. வரை ஆண்டுக்கு 714 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடும் சேர்த்து எனக்கு 1,200 ரூபாய்க்குள் முடிந்தது. புகைச் சான்று இந்த வயது வண்டிகளுக்கு ஆறு மாதம்தான் செல்லும். ஆய்வு நாளில் செல்லுபடியாக இருக்கும்படி எடுங்கள்.

ஆய்வு நாளன்று மோட்டார் வாகன ஆய்வாளர் பார்ப்பவை பெரிய ரகசியம் இல்லை. சேசிஸ் எண், எஞ்சின் எண், முன்பின் விளக்குகள், இண்டிகேட்டர், ஹாரன், இரண்டு பக்கக் கண்ணாடி, பிரேக், டயர், நம்பர் பிளேட். நம்பர் பிளேட்டில் பின்புறம் எழுத்துகள் 35 மில்லிமீட்டர் உயரம், எண்கள் 40 மில்லிமீட்டர். முன்புறம் இரண்டுமே 30 மில்லிமீட்டர். வளைத்து எழுதிய பெயரோ படமோ கூடாது.

காலாவதியான ஆர்.சி.யோடு வண்டியைச் சாலையில் ஓட்டிப் போவதும் குற்றமே. பதிவில்லாத வண்டியாகக் கருதி 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். நான் ஒரு சிறு சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன், 800 ரூபாய் ஆனது.

ஆர்.சி. கைக்கு வந்ததும் பெயர் மாற்றம்: படிவம் 29, படிவம் 30. இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் 150 ரூபாய், அதோடு சேவைக் கட்டணம். வேறு மாவட்ட வண்டி என்றால் எந்த அலுவலகத்தில் என்ன கேட்பார்கள் என்று முன்பே நேரில் போய் விசாரியுங்கள். வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, இங்கே வரி, புதிய எண் என்று வேலை மூன்று மடங்காகும். முதல்முறைக்கு அது வேண்டாம்.

தாமதக் கட்டணம், பசுமை வரி எல்லாம் சேர்த்து ஆர்.சி. வேலைக்கு மட்டும் எனக்குச் சுமார் 11,000 ரூபாய். காலம் இரண்டரை மாதம். அதில் மூன்று வாரம் புதைந்த சேசிஸ் எண்ணால் போனது. அந்த இடத்துப் பூச்சை மட்டும் நீக்கி, எண் தெரியும்படி மெல்லிய பெயிண்ட் அடித்து மறுபடி ஆய்வுக்குப் போனேன்.

5. ஒரு மாதம் அப்படியே ஓட்டுங்கள்

இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. கை பரபரக்கும். ஆனாலும் ஆவணம் சரியானதும் ஒரு மாதம் வண்டியை உள்ளபடியே ஓட்டுங்கள். பிரேக் போட்டால் எந்தப் பக்கம் இழுக்கிறது, குழியில் இறங்கினால் ஹேண்டிலில் 'டொக்' என்று கேட்கிறதா, சூடானதும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கிறதா என்றெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பிரித்துப் பூட்டிய பிறகு ஒரு சத்தம் வந்தால், அது பழையதா நீங்கள் உண்டாக்கியதா என்று அந்த நோட்டுதான் சொல்லும்.

6. அழகுக்கு முன் ஓட்டம்

கையில் 30,000 ரூபாய் இருந்தால் முதல் 12,000 கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்குப் போகட்டும். எனக்கு ஆன செலவு இது: இரண்டு டயரும் டியூபும் 3,600, செயின் ஸ்ப்ராக்கெட் 1,300, பேட்டரி 1,000, ஃபோர்க் ஆயில் சீலும் ஆயிலும் 700, பிளக்கும் எஞ்சின் ஆயிலும் ஏர் ஃபில்டரும் 700, முன்பின் பிரேக் ஷூ 500, ஸ்டீயரிங் கோன் செட் 450, கேபிள்கள் 400, கார்புரேட்டர் வேலைக்கு 300, மெக்கானிக் கூலி 2,500. கூட்டினால் 11,450.

டயரில் இரண்டு எச்சரிக்கை. பக்கவாட்டில் நான்கு இலக்கம் குத்தியிருக்கும். 3225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் தயாரானது. கடையில் கிடந்தே வயதான டயரை வாங்காதீர்கள். அடுத்தது, அகலம். ஸ்ப்ளெண்டருக்கு இரண்டு பக்கமும் 2.75–18. பருமனான டயர் போட்டால்தான் தோற்றம் வரும் என்று சொல்வார்கள். மெல்லிய ரிம்மில் அகல டயர் சரியாக உட்காராது, செயின் பக்கமோ மட்கார்டிலோ உரசும், வண்டி வளைவில் சோம்பலாகத் திரும்பும். 97 சி.சி. எஞ்சின் அந்தச் சுமையை இழுக்கத் திணறும்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

7. பிரித்தல்

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். போல்ட்டுகளைச் சிறு ஜிப் பைகளில் போட்டு, எங்கிருந்து வந்தவை என்று எழுதிப் போடுங்கள். 'டேங்க் பின்புறம்', 'முன் மட்கார்டு இடது' என்று முழுதாக எழுத வேண்டும். நினைவிருக்கும் என்று நம்பியவை எதுவும் மூன்று வாரத்துக்குப் பிறகு எனக்கு நினைவில் இல்லை.

8 முதல் 17 வரை ரிங் ஸ்பேனர், ஒரு பிளக் ஸ்பேனர், 10 எண் டி ஸ்பேனர், மூக்குக் குறடு இருந்தால் வேலையின் பெரும்பகுதி நடந்துவிடும். எஞ்சின் உறையில் இருக்கும் ஸ்க்ரூக்கள்தான் தொல்லை. பார்க்கச் சாதாரணக் கூட்டல் குறி ஸ்க்ரூ போலத் தெரியும், ஆனால் ஜப்பானிய அளவு. நம் வீட்டு ஸ்க்ரூ டிரைவர் வழுக்கித் தலையை உருட்டிவிடும். சுத்தியால் தட்டினால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்குங்கள். அந்த ஒரு கருவியின் விலை, தலை உருண்ட ஒரு ஸ்க்ரூவை லேத்தில் எடுக்கும் கூலியைவிடக் குறைவு.

முதல் முயற்சியில் எஞ்சினை உள்ளே பிரிக்காதீர்கள். புகை விட்டால் நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

8. டேங்க், பெயிண்ட், பவுடர் கோட்டிங்

பெட்ரோல் இருந்த டேங்கை எக்காரணம் கொண்டும் வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி நிற்கும், வெடிக்கும். ஓட்டை விழுந்த டேங்க் என்றால் மாற்று டேங்க் வாங்குவதே உயிருக்கு நல்லது.

உள்ளே துரு இருந்தால், வெள்ளை வினிகர் ஊற்றி, ஒரு பிடி சிறு போல்ட் நட்டுகளைப் போட்டுக் குலுக்கி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் கொட்டி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, நல்ல வெயிலில் முழுதாகக் காயவைத்து, உடனே பெட்ரோல் நிரப்புங்கள். ஈரத்தோடு இரண்டு நாள் விட்டால் துரு மறுபடி பூக்கும். உள்ளே போட்ட போல்ட்டை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள்.

டேங்க், பக்கவாட்டு உறைகளுக்கு டிங்கரிங்கும் பெயிண்டும் 4,500 ரூபாய், பிரேமுக்குப் பவுடர் கோட்டிங் 3,500. பிரேமைக் கொடுக்கும்போது சேசிஸ் எண் இருக்கும் இடத்தில் வெப்பம் தாங்கும் டேப்பை நீங்களே உங்கள் கையால் ஒட்டுங்கள். பழைய பெயிண்டை எடுக்க மணல் அடிப்பதே எண்ணை மழுங்கடிக்கும், அதற்கு மேல் பூச்சு தடிமனாக ஏறும். "பார்த்துக்கொள்கிறேன்" என்ற வார்த்தையை நம்பிக் கொடுத்ததால்தான் எனக்கு மூன்று வாரம் போனது. போல்ட் ஏறும் மரைகளிலும் பேரிங் அமரும் இடங்களிலும் பூச்சு படாமல் அடைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பூட்டும்போது ஒவ்வொன்றையும் சுரண்ட வேண்டும்.

காலம்: பெயிண்ட் கடைக்காரர் சொன்னது ஐந்து நாள், ஆனது பதினெட்டு நாள். மழைக்காலத்தில் பெயிண்ட் வேலை கொடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவோ, தை பிறந்த பிறகோ திட்டமிடுங்கள்.

9. சீட், ஹேண்டில்பார், விளக்கு

தோற்றத்தை மாற்றுவது இந்த மூன்றும்தான். தட்டையான இரண்டு பேர் சீட் ஒன்றை, அசல் சீட்டின் அடித்தகட்டையே வைத்துத் தைக்கச் சொன்னேன், 2,200 ரூபாய். அடித்தகடு அசலாக இருந்தால் பூட்டும் இடங்கள் பிசகாது. நுரையின் கனத்தில் கஞ்சம் பிடிக்க வேண்டாம். படத்தில் மெல்லிய சீட் அழகு, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் முதுகு சொல்லும். முதலில் தைத்த ஒருவர் சீட் 2,600 ரூபாய், அது இன்றும் பரணில் கிடக்கிறது.

ஹேண்டில்பாரை மாற்றினால் கேபிள் நீளத்தைச் சோதிக்க ஒரு வழி: எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஹேண்டிலை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்புங்கள். எஞ்சின் வேகம் கூடினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. அந்த நிலையில் வண்டியைச் சாலைக்கு எடுக்கவே கூடாது.

விளக்கில் பெரும்பாலோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. என் வண்டியின் காலத்து ஸ்ப்ளெண்டரில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை; எஞ்சின் ஓடும்போது மேக்னட் காயிலிலிருந்து வரும் ஏ.சி. மின்சாரத்தில் எரிகிறது. டி.சி.க்கான எல்.இ.டி. விளக்கை அதில் போட்டால் மினுக்கும், சீக்கிரம் போய்விடும். முன்புற உறையை எடுத்துவிட்டு வட்டமான ஹெட்லைட் போட்டேன், ஆனால் உள்ளே அசல் பல்புதான். எல்.இ.டி. இண்டிகேட்டர் போட்டால் ஃபிளாஷரையும் அதற்கேற்றதாக மாற்ற வேண்டும், இல்லையேல் படபடவென்று அடிக்கும். ஒயர்களைத் திருகி டேப் சுற்றாதீர்கள். ஈயம் வைத்து, சூடுபட்டால் சுருங்கும் உறை போடச் சொல்லுங்கள். பியூஸ் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள்.

ஹேண்டில்பாரும் பிடியும் 900, விளக்குகள் 1,300, ஒயரிங் 1,200, நட்டு போல்ட் சில்லறை 800.

சென்னையில் இருப்பவர்களுக்குப் புதிய பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. பழைய பாகம் எங்கு வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். எண் குத்திய எஞ்சின் உறையையோ பிரேமையோ எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள். அது யாருடைய வண்டி என்று உங்களுக்குத் தெரியாது.

10. மொத்தக் கணக்கு

வண்டி, ஏற்றுக்கூலி, ஆர்.சி., காப்பீடு: 26,000. ஓட்டத்துக்கான வேலை: 11,450. பெயிண்ட், பவுடர் கோட்டிங்: 8,000. சீட், ஹேண்டில்பார், விளக்கு, ஒயரிங், சில்லறை: 6,400. வீணானது, அதாவது ஒருவர் சீட்டும் கழுத்துப் பகுதியில் மறுபடி அடித்த பெயிண்டும்: 3,200. கூட்டினால் 55,050 ரூபாய். நான் போட்டிருந்த திட்டம் 30,000. உங்கள் திட்டம் எதுவோ அதன் மேல் பாதியைச் சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். இல்லையென்றால் பிரித்த வண்டி மூலையில் கிடக்கும். பிரித்துக் கிடக்கும் வண்டியை வாங்க வருபவர் இரும்பு விலைதான் கேட்பார்.

11. பூட்டிய பிறகு

முதல் 50 கிலோமீட்டர் வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள். பிறகு எல்லா போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அச்சு நட்டு, எஞ்சின் தாங்கும் போல்ட், ஹேண்டில்பார் கவ்விகள் முக்கியம். 200-இலும் 500-இலும் மறுபடி. புதிய பூச்சின் மேல் இறுக்கிய போல்ட் தளரும், அது இயல்புதான். புதிய செயினும் தொடக்கத்தில் நீளும், தளர்வைச் சரிசெய்யுங்கள். செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்து, பதிலைச் சேமித்துவையுங்கள்.

கழற்றிய அசல் பாகங்களான ஹெட்லைட் உறை, ஹேண்டில்பார், இண்டிகேட்டர் எதையும் விற்காதீர்கள். எண்ணெய் தடவி ஒரு சாக்கில் கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று சீட்டு எழுதி வையுங்கள். ஐந்தாண்டு கழித்து அடுத்த எஃப்.சி.க்குப் போகும்போது ஆய்வாளர் எதையாவது மாற்றிக்கொண்டு வரச் சொன்னால் அந்தச் சாக்குதான் உதவும். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம் என்று வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.